பாப்பாவே ஏறிக்குவா

என்னங்க,

சாப்பாடு மேடை மேலயே இருக்கு, குனிஞ்சு எதையும் எடுக்க வேண்டாம். சாவி ஆணியில. பதினொரு மணிக்குப் பிசியோ அக்கா வருவாங்க. நேத்து பாப்பாவைத் தூக்கினதை அவங்ககிட்ட மறைக்காம சொல்லிடுங்க.

"ஊரான் வீட்டுப் பீரோவையெல்லாம் தூக்கினவனுக்குப் பதினாலு கிலோ ஒரு கனமா?"ன்னு கேட்டீங்க. டாக்டர் அஞ்சு கிலோவுக்கு மேல கூடாதுன்னார். முதுகுல தையல் போட்டு ஆறு வாரம்தான் ஆகுது. அதே டிஸ்க் திரும்பப் பிதுங்கினா மறுபடியும் ஆபரேஷன்தான். அதான் கத்திட்டேன். காலையில எழுந்து, கோபம் மிச்சம் இருக்கான்னு தேடிப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. மனசுதான் உங்க இடது கால் மாதிரி மரத்துக் கிடக்கு.

பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நீங்க நாற்காலியில நிமிர்ந்து உட்காருங்க, போதும். முன்னாடி முக்காலி போட்டிருக்கேன். அதுல கால் வெச்சு அவளே மடிக்கு வந்துடுவா. காலையில என் மடியில ரெண்டு தடவை ஏறிப் பழகிட்டா.

பி.கு. ஏறும்போது, "அப்பாவுக்கு என்னைத் தூக்கப் பிடிக்கலையா?"ன்னு கேட்டா. மடிக்கு வந்ததும் நீங்களே சொல்லுங்க.