பிலோமினா வீட்டுக் கல்யாணக் கேக்

கரி கருகிய வாடை இன்னும் சமையலறையை விட்டுப் போகவில்லை. நேற்றுக் காலை, வெண்ணெயும் சீனியும் பாதி குழைந்திருந்த நேரத்தில், உன் கேக் மிக்சர் பொறி பறக்க நின்றுவிட்டது. மறுநாள், தோட்டத்துக் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிலோமினாவின் மகளுக்குக் கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று கேக் செய்து தருவதாக ஒப்புக்கொண்டவள் நீ. நீ கண்மூடிவிட்டதால் உன் இடத்தில் நின்று அதைச் செய்ய, கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள் நம் மகள்.

அவ்வளவு கலவையைக் கையால் அடிக்க முடியாது. "டவுன் பேக்கரியில சொல்லிருவோம்பா. அம்மா கோவிச்சுக்க மாட்டாங்க," என்றாள்.

"அம்மா குடுத்த வாக்க பேக்கரிக்காரனா காப்பாத்துறது?" என்று கேட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன்.

ஒழுங்காகத் தொடங்கினேன். அதே பிளக்கில் கிரைண்டர் ஓடியது. ஆகவே கரண்டில் குறையில்லை. மிக்சரின் பிளக்கைக் கழற்றிவிட்டு அடிப்பானைக் கையால் திருப்பினேன். இறுக்கமாக, ஆனால் நழுவாமல் திரும்பியது, பல்சக்கரங்கள் நலம். எஞ்சியது மோட்டார். பக்கத்து மூடிகளைத் திறந்தேன். சுழலும் பகுதிக்குக் கரண்டைக் கடத்தும் இரண்டு கரித்துண்டுகளில் ஒன்று, ஸ்பிரிங் எட்டித் தள்ள முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தது.

எவ்வளவு உழைத்திருக்கிறது! ஒவ்வொரு கலவைக்குப் பின்னும் இயந்திரத்தை ஆறவிட வேண்டுமென்று நான் பக்கத்தில் நின்று சொல்வேன். "மெஷினுக்கு லீவு குடுக்கிறீங்க மாஸ்டர், எனக்கு எப்பங்க குடுப்பீங்க?" என்பாய். தோட்டமே என்னை அழைக்கும் பெயரால் நீ அழைத்தால் அது கேலி என்று பொருள். கேலி செய்தாலும் ஆறவிடுவாய். அந்த இடைவேளையில் முட்டைகளை உடைத்து வைப்பாய்.

பஸ் பிடித்து இரத்தினபுரிக்குப் போனேன். கடை முதலாளி தேய்ந்த துண்டைப் புரட்டிப் பார்த்து, "அலுத் எகக் கன்ன, மஹத்தயா," என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். புதிய மிக்சர் வாங்கச் சொல்கிறார். உன் தங்கை குவைத்திலிருந்து அனுப்பிய அந்த மாதிரி இங்கே விற்பனைக்கு வந்ததே இல்லையாம். சற்றுப் பெரிய கரித்துண்டு எதுவானாலும் தாருங்கள் என்றேன். துளையிடும் கருவிக்குரிய ஒரு சோடி கிடைத்தது.

வீட்டில் மணற்கடதாசியை மேசையில் விரித்து, இரண்டையும் பக்கம் பக்கமாகத் தேய்த்தேன். இறுகினால் ஸ்பிரிங்கால் தள்ள முடியாது, தளர்ந்தால் ஆடும். தேய்ப்பதும் பொருத்திப் பார்ப்பதுமாக மதியம் கழிந்தது. இரண்டும் தம் குழியில் தாமாக வழுக்கி இறங்கியபின் மூடிகளைப் பூட்டி, வெறுங் கிண்ணத்துடன் மெதுவான வேகத்தில் ஓடவிட்டேன். உள்ளே நீலப்பொறி பறந்தது.

"அப்பா, வெடிக்குமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் மகள்.

"வெடிச்சா சொல்றேன்."

நிறுத்தவில்லை. புதுக் கரி சுழலும் பகுதியின் வளைவுக்குப் பழகும்வரை பொறி இருக்கும் என்று தெரியும். கொஞ்ச நேரத்தில் அது மங்கி அடங்கியது, சத்தமும் சீரானது. "வெண்ணெயப் போடு," என்றேன்.

இன்று கேக்கை வெட்டினார்கள். பிலோமினா தள்ளி நின்று பார்த்தாள். "ஒரு பக்கம் சாஞ்சிருக்குங்க மாஸ்டர். ஆனா அக்கா சொன்ன சொல்லு சாயல," என்றாள்.

கிளம்பும்போது அவளுடைய தங்கை ராணி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்தாள். "வார வியாழன் சின்னவனுக்குப் பொறந்தநாளுங்க. உங்க வீட்டு அக்கா இருந்திருந்தா..." என்று இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்லைங்க," என்று தானே முடித்துக்கொண்டாள்.

மகள் நாளை மாலை கொழும்புக்குத் திரும்புகிறாள். நான் இதுவரை ஒரு கேக்கும் செய்ததில்லை. நேரம் தாழ்த்தி வரும் ஆர்டர்களை ஏற்காதே என்று நான் ஒருமுறை கடிந்துகொண்டபோது, "உங்க சட்டம் வீட்டுக்குள்ள இருக்கு, ஆள் வாசல்ல நிக்குதுங்க," என்றாய். அன்று எனக்கு அது பதிலாகவே படவில்லை. இன்று ராணியின் முகத்துக்கு நேரே அதைத் தவிர வேறெந்த விதியும் என் நினைவில் எழவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நாளை காலை, மகள் பெட்டி கட்டுவதற்கு முன், மாவு சலிப்பதிலிருந்து எனக்குப் பாடம் தொடங்குகிறது.