சுவரோரச் சந்து

நமுனுகுல மலைத் தோட்டம்,
பதுளை வழி.
1923 ஆவணி 9

அன்புள்ள இராக்கம்மாவுக்குக் கந்தப்பன் எழுதுவது. மாரியம்மன் காவலில் நான் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் அத்தையும் அப்படியே இருக்க வேண்டும். மைத்துனன் பிச்சைக்கு ஒரு வார்த்தை. தம்பி, இதை அக்காவுக்கு மட்டும் வாசித்துக் காட்டு. தெருவில் உள்ளவர்களை எல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு உரக்க வாசிக்கிற வேலை இந்தத் தரம் வேண்டாம்.

பண்டாரவளையில் உன்னை ரயில் ஏற்றிவிட்டு ஒன்றரை மாதம் ஆகிறது. வந்து சேர்ந்தேன் என்று ஒரே ஒரு கார்டு. அதற்குப் பிறகு மூச்சே இல்லை. இது ஒன்பதாம் மாதம் என்று எனக்குத் தெரியாதா? பிச்சைக்கு இரண்டு வரி எழுதக் கை வலிக்கிறதோ? சரி, சண்டை பிடிக்க இப்போது நேரமில்லை.

தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஒரு வில்லங்கம் வந்திருக்கிறது. அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைக்கிற அறையில் நாங்கள் போட்ட புதுத் தரை நாற்றம் எடுக்கிறது. பத்து நாளாகவே டீமேக்கர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நடந்தார். முந்தாநாள் சுவரோரமாகத் தரையில் விட்ட சந்தில் மெழுகு புடைத்து வெடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தியால் ஒரு சாண் நீளம் கீறினார். உள்ளே பாசிப்பயறு வெள்ளையாக முளைவிட்டிருந்தது. கூடவே உளுந்து, எள், நெல், கொள்ளு எல்லாம் ஊறி அழுகிக் கிடந்தன. எல்லாமாகச் சேர்ந்து நவதானியம்.

அந்தத் தரை எப்படிப் போட்டது என்று உனக்கே தெரியும். கட்டம் கட்டமாகக் கொங்கிரீட் ஊற்றி, கட்டத்துக்குக் கட்டம் எண்ணெய் தடவிய சட்டம் வைத்து, ஒரு விரல் அகலம் சந்து விட்டோம். பகல் சூட்டுக்கும் ராக்குளிருக்கும் தரை நீளும், சுருங்கும். சந்து இல்லாமல் போட்ட முதல் தரைதான் மூன்று மாதத்தில் வெடித்ததே. சட்டங்களை உருவிய பிறகு நீங்கள் ஆறு பெண்கள் கொக்கிக் கம்பியால் சந்துகளைச் சுரண்டிக் கூட்டினீர்கள். கரிச்சட்டி வைத்து ஈரத்தைப் போக்கி, அடியில் தேங்காய் நார் திணித்து, அதன்மேல் நாலு விரல் ஆழத்துக்கு நாங்கள் மெழுகு ஊற்றினோம். தார் ஊற்றினால் தேயிலையில் வாடை ஏறிவிடும் என்று, பதுளை ஜௌபர் நானா கடையில் குங்கிலியமும் தேன்மெழுகும் வாங்கிவந்து காய்ச்சினோம். அந்த மெழுகு இறுகி அடைத்தால்தான் கழுவுகிற தண்ணீரும் கொழுந்துச் சாறும் உள்ளே இறங்காது. இறங்கினால் அழுகும். அழுகினால் அந்த அறையில் புளிக்கிற தேயிலை எல்லாம் கெடும். இரண்டு நாள் தேயிலையை வெளியே கொட்டிவிட்டார்கள். யாரோ வேண்டுமென்றே தேயிலையைக் கெடுக்கச் செய்த வேலை என்று பெரிய துரை குதிக்கிறார்.

செக்ரோல் ஏட்டில் சுவரோர வரிசை மாரிசாமி பேரில் இருக்கிறது. அன்றைக்கு மாரிசாமி காய்ச்சலில் லயத்து வீட்டில் கிடந்தான். அவனுக்கு அன்றையப் பேரும் கூலியும் போய்விடக் கூடாது என்று அவன் வரிசையையும் சேர்த்து நான்தான் ஊற்றினேன். இது மாரிசாமிக்கும், அவன் பெண்சாதி பெரியாயிக்கும், எனக்கும், உனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவன் வாயே திறக்கவில்லை. துரை கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் விசாரணை. யாரென்று தெரியாவிட்டால் மாரிசாமிக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்புவார்கள். மூன்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு காம்பராவைக் காலி பண்ண வேண்டும்.

இராக்கம்மா, கோபமில்லாமல் ஒன்று கேட்கிறேன். அன்றைக்குச் சுவரோரத்தைக் கூட்டியவள் நீ. உன் மடியில் என்ன இருந்தது?

உன் பதில் வருவதற்குள் திங்கட்கிழமை போய்விடும். தெரிந்தும் கேட்கிறேன். நீ பிள்ளையோடு திரும்பி வரும்போது, கப்பல் ஏறுமுன் மண்டபம் காம்பில் காட்டுவதற்குத் துரை கையெழுத்துப் போட்ட கடிதம் ஆபீசில் தயாராக இருக்கிறது. உன் பேரை நான் சொன்னால் அந்தக் கடிதம் உனக்கு இல்லை. சொல்லாவிட்டால் மாரிசாமி தெருவில் நிற்பான். இதுதான் என் நிலைமை. தோட்டத்துத் தபால் பையில் போட்டால் கிளாக்கர் கையைத் தாண்டித்தான் போகும். அதனால் நாளை பதுளைக்கு நடந்துபோய் நானே தபாலில் சேர்க்கிறேன். பாரம் தூக்காதே. படியில் பார்த்து இறங்கு.

இப்படிக்கு,
உன் புருஷன்
கந்தப்பன்


நமுனுகுல மலைத் தோட்டம்
ஆவணி 12

இராக்கம்மாவுக்கு,

சுகம் விசாரிக்கிற வரியெல்லாம் போன கடிதத்தோடு சரி. நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தரமும் பிச்சை தனியாகத்தான் வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் பதுளையிலிருந்து திரும்பி வந்தபோது பெரியாயி நம் காம்பரா வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. அழவுமில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அண்ணே, அன்னைக்கி ஊத்துனது யாருன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மனுசன் செத்தாலும் சொல்ல மாட்டாரு. நாளைக்கி நான் வந்து சொல்லவா, நீங்களே சொல்றீங்களா?"

கேட்டுவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள். எனக்கு உன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பக்கத்தில் இருந்திருந்தால் வாயில் வந்ததையெல்லாம் பேசியிருப்பேன். நல்ல வேளை, கடல் நடுவில் இருக்கிறது.

திங்கட்கிழமை விடியற்காலம் களத்தில் ஆளை நிறுத்தினார்கள். மாரிசாமியை முன்னே கூப்பிட்டார்கள். துரை இங்கிலீசில் கேட்க, கிளாக்கர் தமிழில் சொன்னார், தானியத்தை யார் கொடுத்து வைக்கச் சொன்னார்கள் என்று. மாரிசாமி தனக்குத் தெரியாது என்றான். அப்படியானால் இன்றைக்கே பத்துச்சீட்டு என்றார் கிளாக்கர். பெரியாயி பெண்கள் வரிசையிலிருந்து ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். அவள் இன்னொரு அடி வைப்பதற்குள் நான் போய்விட்டேன். கால் தானாகப் போனது.

"அன்னைக்கி ஊத்துனது நாந்தானுங்க. தானியம் உள்ள கெடந்ததும் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மேல ஊத்துனேன். மாரிசாமிக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

யார் வைத்தது என்று திரும்பக் கேட்டார்கள். நான்தான் என்றேன். ஏன் வைத்தாய் என்றார்கள். பெண்சாதி மாசமாக இருக்கிறாள், புதுக் கட்டடத்தில் பூசை போடவில்லை, ஊரில் வழக்கம் அப்படி என்றேன். கிளாக்கர் அதைத் துரைக்குச் சொன்னபோது துரை சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முகம் சிவந்துவிட்டது. அறையில் உள்ள எல்லாச் சந்தையும் நானே தோண்டி எடுத்து, ஆறு நாளில் புதிதாக அடைத்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவு. மாரிசாமிக்கு அன்றைய ஒரு நாள் பேரை வெட்டியதோடு விட்டார்கள். மண்டபத்தில் காட்ட உனக்காக வைத்திருந்த கடிதத்தைத் துரை ஆபீசிலிருந்து எடுத்துவரச் சொல்லி என் கண் முன்னால் கிழித்தார்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். உனக்காகப் பொய் சொல்லி எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டேன் என்று அழுவாய். அழாதே. நான் சொன்னதில் பெரும்பங்கு பொய் இல்லை. நீ கூட்டிக்கொண்டிருந்தபோது முந்தானையை அவிழ்த்ததை நான் கதவோரத்திலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மெழுகுச் சட்டியைக் கிண்டுகிறவன் மாதிரி திரும்பிக்கொண்டேன். பிறகு ஊற்றும்போது அந்தச் சந்து மற்றதைப்போல் குடிக்கவில்லை. மற்றச் சந்தெல்லாம் இரண்டு கரண்டி குடித்தால் அது அரைக் கரண்டியில் நிரம்பிவிட்டது. நாலு விரல் இறங்க வேண்டிய மெழுகு ஒரு விரல்கூட இறங்கவில்லை. அடியில் மலை ஈரம் ஏறும், பயறு ஊதும், மெழுகைப் பிளக்கும். தெரியாமல் ஊற்ற நான் என்ன நேற்றுப் பிறந்தவனா? கம்பியைப் போட்டுச் சுரண்டி எடுத்திருந்தால் கால் மணி நேர வேலை. தேயிலை நாறியது என்னால். உன்னால் இல்லை.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பாய். முதல் தரை வெடித்தபோது, பூமி ஒரு தலை கேட்கிறது என்று கங்காணி பெண்சாதி உன்னிடம் சொன்னாள். நீ ராவெல்லாம் தூங்கவில்லை. நான் உன்னைக் கேலி பண்ணினேன். நம் மூத்தவள் அங்காயியை மண்ணில் வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, இன்னொன்றுமா கேட்கும் என்று நீ கேட்டாய். கேலி பண்ணினேனே தவிர எனக்கும் உள்ளே நடுக்கம்தான். அதனால்தான் எடுக்கவில்லை.

நாளை தோண்டத் தொடங்குகிறேன். குழந்தை பிறந்துவிட்டதா? பதுளை ஜௌபர் நானா கடை விலாசத்துக்கு எழுதச் சொல்.

கந்தப்பன்


ஜௌபர் நானா கிட்டங்கி,
பதுளை.
ஆவணி 21

அன்புள்ள இராக்கம்மாவுக்கு,

தோட்டத்தை விட்டு வந்தாகிவிட்டது. நம் பானை சட்டி, பாய், உன் மரப்பெட்டி எல்லாவற்றையும் மாரிசாமி தலைச்சுமையாகப் பதுளைவரை கொண்டுவந்து கொடுத்தான். ஜௌபர் நானாவைப் பார்த்ததும், "எங்கண்ணனப் பாத்துக்குங்க நானா" என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிவிட்டான். பெரியாயி ஒரு படி அரிசி கொடுத்து அனுப்பியிருந்தாள்.

நானா தன் கிட்டங்கிக்குத் தரை போடச் சொல்கிறார். மூன்று மாத வேலை. படுக்க ஒரு மூலை கொடுத்திருக்கிறார். கடைக்கு ஆள் தேவை என்று நானாவே ஒரு கடிதம் கொடுத்தால் மண்டபத்தில் உன்னை விடுவார்கள் என்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நான் எழுதுகிறவரை நீ அங்கிருந்து புறப்படாதே.

சந்து வேலையைச் சொல்கிறேன். ஆறு நாளும் ஒரு ஆளாகத்தான் செய்தேன். பழைய மெழுகைச் சூட்டுக் கத்தியால் இளக்கி உரித்து, நாரைப் பிடுங்கி, சந்தைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, கரிச்சட்டி வைத்து ஒவ்வொரு அடியாகக் காய வைத்தேன். ஈரம் இருந்தால் கொதிக்கிற மெழுகு முகத்தில் தெறிக்கும். இடது கையில் இரண்டு இடத்தில் தெறித்துவிட்டது, ஆறிவருகிறது. முதல் ஊற்று இறங்கி இறுகியபிறகு இரண்டாம் ஊற்று ஊற்றி, மிஞ்சியதை வழித்துத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். டீமேக்கர் நகத்தால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

சுவரோரச் சந்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். டீமேக்கர் கீறியது ஒரு சாண்தான், மீதியை நான்தான் திறந்தேன். மூலைப் பக்கம் போகப்போகத் தானியம் இல்லை. மூலையிலேயே நாருக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். அங்காயியின் கருகமணி வளையல்.

அதை அவளோடு வைத்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது. கேட்டது கிடைத்துவிட்டது, இனி வேறு கேட்காதே என்று பூமிக்குச் சொல்ல வைத்தாயா? அப்படித்தான் இருக்கும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் புள்ளே. சொன்னால் கேலி பண்ணுவேன் என்று நினைத்திருப்பாய்.

வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெழுகு ஆறிப்போய் மறுபடி காய்ச்ச வேண்டியதாயிற்று. யாரும் பார்க்கவில்லை, திரும்ப உள்ளே வைத்துவிட்டு மேலே ஊற்றியிருக்கலாம். நாலு விரல் ஆழத்துக்கு ஊற்றினால் இனி யாரும் திறக்கவே மாட்டார்கள். முடியவில்லை இராக்கம்மா. அவளை ஒரு தரம் மண்ணில் வைத்த கை இது. இரண்டாம் தரம் வைக்க வரவில்லை. வளையல் என் மடியில் இருக்கிறது. சந்தைச் சுத்தமாகத் துடைத்து, உள்ளே நாரைத் தவிர ஒன்றும் வைக்காமல் அடைத்துவிட்டேன். அது ஆவணி 18, மத்தியானம்.

பதுளைக்கு வந்ததிலிருந்து தினமும் நானாவின் ஆளோடு தபால் கந்தோருக்குப் போகிறேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே பிச்சையை எழுதச் சொல். ஆணா பெண்ணா என்று எழுதச் சொல். பால் குடிக்கிறதா, அழுகிறதா, யார் சாடை என்று எழுதச் சொல். உன் உடம்பு எப்படி என்று மறைக்காமல் எழுதச் சொல்.

எந்தத் தேதியில் பிறந்தது என்று மட்டும் எழுத வேண்டாம். தெரிந்தால், வளையலை வெளியே எடுத்ததற்கு முன்னா பின்னா என்று கணக்குப் பார்ப்பேன். எனக்கு அது தெரிய வேண்டாம். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி போதும்.

ஆயுசோடு இருங்கள்.

உன்
கந்தப்பன்