நீ கேட்ட சனிக்கிழமை

இன்று ஓசூர் சந்தையில் கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது அந்த வாடை முகத்தில் அடித்தது. முன்பொரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த என்னை இழுத்து நிறுத்தி, இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கடைக்கார பாயிடம் நீ விசாரித்த கடை. பழவேற்காடு என்றார். கடலை ஒட்டிய பெரிய ஏரி, படகில் கொஞ்ச தூரம் போய்விட்டால் மனிதச் சத்தமே கேட்காது என்றார். அன்று முழுக்க உனக்கு வேறு பேச்சில்லை.

நாட்றாம்பாளையத்து மலையில் பிறந்த நீ கடலைப் பார்த்ததே இல்லை. ஃபாக்டரியில் எனக்கு அடுத்த இடம் உன்னுடையது. இயந்திர இரைச்சல் தூக்கத்திலும் ஓயவில்லை என்பாய். ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் சென்னை பஸ், சனிக்கிழமை ஏரி, ஞாயிறு திரும்புவது. அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று நான் தேடினால் போனைப் பிடுங்கிவிடுவாய்.

"ஒண்ணும் பாக்க வேணாம்டி. தண்ணியில கால உட்டுனு சும்மா ஒக்காந்திருக்கலாம்."

சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போனபோது, எதற்கு என்றார். நீ வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னாய், ஏரி, படகு, கருவாட்டுக்காரர் உட்பட. ஆர்டர் நெருக்குகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டும் இறங்கவில்லை. லீவு கேட்டு நின்ற உன்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "காய்ச்சலுக்கா, ஏரிக்கா?" சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். நீ திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தாய். அவன் கிடக்கிறான், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இப்பப் போனா ஏரிக்குத்தான் போனேன்னு சொல்வாங்கடி."

மறுநாள் லைனிலேயே மயங்கி விழுந்தாய். டெங்கு, முன்னமே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். மலையிலிருந்து பஸ் பிடித்து உன் அப்பா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் செய்தது ஒரு சனிக்கிழமை. கம்பெனி நம் லைன் முழுவதற்கும் லீவு விட்டது, பஸ்ஸும் கொடுத்தது. நாம் இருவர் கேட்டுக் கிடைக்காததை நீ இல்லாமல் எல்லோரும் அனுபவித்தோம். அஞ்செட்டிக் காட்டுப் பாதை நெடுக, முன் சீட்டில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் சூப்பர்வைசர்.

உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எங்கியோ ஏரிக்குப் போறோம்னு போன்ல சொல்லினே இருந்துச்சு. போனீங்களாம்மா?"

"லீவு தரலப்பா" என்றேன், சற்றுத் தள்ளி நின்ற சூப்பர்வைசர் காதில் விழும்படியாகவே. அவர் மாலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் இப்போது மேனேஜர். நான் இன்னும் பழவேற்காட்டுக்குப் போகவில்லை. போகத் தோன்றவும் இல்லை. ஆனால் லீவு கேட்டால் காரணம் சொல்வதை விட்டுவிட்டேன். எதற்கு என்றால், வேண்டும் என்பேன், அவ்வளவுதான். புதிதாக வரும் பெண்களுக்கும் அதைத்தான் சொல்லித் தருகிறேன். நீ செத்துப்போனதைக்கூட ஒரு நாள் ஏற்றுக்கொண்டுவிடுவேன் போலிருக்கிறது. உன் ஆசையை அந்த ஆளிடம் அத்தனை சந்தோஷமாகச் சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.