பகலில் குடிக்க ஓர் இடம்

ஜூன் 11, திங்கள், 1984
மேல்காற்று. வீடெல்லாம் மண். புத்தக அலமாரி பாதி துடைத்தேன். கல்லூரி திறக்குமுன் மீதி.

பக்கத்து வீட்டுக் குழந்தை காலையிலிருந்து அழுகை. மூன்று மாதம். தாய் பௌசியா ரம்ஜான் நோன்பு பிடிக்கிறாள். விடியுமுன் சாப்பாடு, பிறகு பொழுது சாயும்வரை தண்ணீரும் இல்லை. கணவன் சிங்கப்பூரில். வீட்டில் மாமியார் கதீஜாம்மாள் மட்டும். யாருடைய கட்டாயம் என்று கேட்கவே வேண்டாம்.

வாங்க: மண்ணெண்ணெய், பேனா மை, வெந்தயம்.

ஜூன் 12, செவ்வாய்
அவர்கள் கொடியில் குழந்தையின் மூத்திரத்துணி குறைவு. முன்பு பத்து மணிக்குள் நிறைந்துவிடும். இன்று மதியம்வரை ஏதோ இரண்டு மூன்று.

கல்லூரியில் நடத்தும் சத்துணவுப் புத்தகத்தில் தேடினேன். தாய் சில வேளை சாப்பிடாவிட்டாலும் பாலின் கொழுப்பு, புரதம் பெரிதாக மாறுவதில்லை. தாயின் உடம்பு தன்னிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். தண்ணீர் பற்றி ஒரே வரி. குளிர்நாட்டில் எழுதிய புத்தகம். இந்தக் கடற்கரைப் பட்டினத்து ஜூன் அதில் இல்லை.

வெந்தயம் மறந்தேன்.

ஜூன் 13, புதன்
இஞ்சி கேட்கும் சாக்கில் போனேன். மாமியாரிடம் சொல்லக் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் வீண்.

"வாங்க டீச்சர், நீங்களாச்சும் இவகிட்ட சொல்லுங்க. பால் குடுக்கறவளுக்கு விலக்கு இருக்கு. விட்டத பின்னால களா புடிச்சிக்கலாம். ஒன் நோன்ப அல்லா பின்னாலயும் வாங்கிப்பான், புள்ள பசிய பின்னால வாங்கிப்பானான்னு கேக்குறேன். காதுலயே ஏறல."

பௌசியா குழந்தையைத் தோளில் தட்டியபடி, "எல்லாரோடயும் புடிச்சா பசியே தெரியாது மாமி. பின்னால நான் மட்டும் ஒத்தையில கெடக்கணும். அன்னிக்கின்னு பாத்து நீங்க கொடுவா மீன் ஆணம் காய்ச்சுவீங்க."

"காய்ச்சுவேன். மொளகாயும் கூடப் போடுவேன்."

சிரித்தார்கள். நான் குழந்தையின் உச்சிக்குழியைத் தொட்டேன். அமுங்கியிருந்தது. மீண்டும் தொட்டேன். அமுங்கித்தான். டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

கதீஜாம்மாளைப் பற்றி திங்களன்று எழுதியது தவறு.

ஜூன் 14, வியாழன்
டாக்டரம்மா சொன்னது: குழந்தை உடம்பில் நீர் போதவில்லை. தாய் பகலில் நன்றாகக் குடிக்க வேண்டும். பௌசியா நோன்பை விட்டாள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாலை மறுபடி அழுகை. சுவரோரம் வந்தாள்.

"விட்டுட்டேன் டீச்சர். ஆனா தண்ணி எறங்க மாட்டேங்குது. மாமி இந்த வயசுல வாய் காஞ்சு உக்காந்திருக்காங்க. குசினியில ஒளிஞ்சு ரெண்டு மடக்கு குடிச்சேன். யாராச்சும் வந்துட்டாப்புலயே இருந்திச்சு."

விதியில் இடம் இருக்கிறது. வீட்டில் இல்லை.

ஜூன் 15, வெள்ளி
காற்று நின்றது. புழுக்கம்.

கதீஜாம்மாள் வாசலுக்கே வந்தார். "டீச்சர், இவளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க. சிங்கப்பூருக்கு லெட்டர் எழுதணுமாம். தெனம் மத்தியானம் அனுப்புறேன். ரெண்டு மணி நேரமாச்சும் வச்சுக்குங்க."

அவர் மகனுக்குத் தமிழைத் தவிர எதுவும் படிக்கத் தெரியாது. சரி என்றேன்.

ஒரு மணிக்கு பௌசியா. இடுப்பில் குழந்தை, கையில் மூடிய தூக்குச்சட்டி. சட்டியைத் திறந்ததும் அவளுக்கே திகைப்பு. சோறு, கொடுவா ஆணம். நோன்போடு, உப்புக்கூடப் பார்க்காமல் காய்ச்சியிருக்கிறார்.

அவளைச் சமையலறையில் விட்டுவிட்டு நான் கூடத்தில். சோறு பாதி மிச்சம். நான் வைத்த மோரைத் தொடவில்லை. ஆங்கிலம் ஓரெழுத்தும் நடக்கவில்லை.

ஜூன் 16, சனி
அலமாரி முடிந்தது.

பௌசியா வந்தாள். நான் நேற்றுப்போல் கூடத்துக்கு நகர்ந்தேன்.

"டீச்சர், நீங்களும் ஒக்காருங்களேன். நோன்பும் ஒத்தையில முடியல, சோறும் ஒத்தையில முடியல."

பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டாயிற்று. இருந்தும் இன்னொரு தட்டு எடுத்தேன். இன்றைய ஆணத்தில் உப்பு அதிகம். அதனாலோ என்னவோ அவள் மூன்று டம்ளர் மோர்.

பிறகு சுவரில் சாய்ந்து ஊட்டினாள். குழந்தை விழுங்கும் சத்தம் எனக்கே கேட்டது. புரையேறி இருமினான். முதுகைத் தட்டினாள்.

"மெதுவா குடிங்க மாப்ளே, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."