தானாக நின்ற என் காரும் முனியராஜ் மீதான வழக்கும்

அனுப்புநர்
லெ. சுகிர்தா (வயது 44),
க/பெ. லெட்சுமிகாந்தம்,
கற்பகவல்லி ஆப்செட் அச்சகம்,
சிவகாசி.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும்
மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சூலக்கரை, விருதுநகர்.

பொருள்: 05.02.2025 அன்று வெம்பக்கோட்டை – ஏழாயிரம்பண்ணை சாலையில் நடந்த விபத்து – எனது புதிய காரில் உள்ள தானியங்கி பிரேக் வசதியால் நேர்ந்தது – வேன் ஓட்டுநர் திரு. முனியராஜ் மீதான வழக்கில் புகார்தாரராகிய நான் எனது வாக்குமூலத்தைத் திருத்த அனுமதி கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகாரின் பேரில் 05.02.2025 அன்று பதிவான முதல் தகவல் அறிக்கை.
2. ஓட்டுநர் உரிமத்தை நிறுத்திவைப்பது குறித்து விளக்கம் கேட்டு திரு. முனியராஜுக்கு அனுப்பப்பட்ட 17.02.2025 நாளிட்ட நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் கணவரும் சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் அச்சடிக்கும் தொழில் செய்து வருகிறோம். கம்பெனிகளுக்கு மாதிரிகளைக் கொண்டுபோய்க் காட்டி ஆர்டர் வாங்கி வருவது என் பொறுப்பு. முப்பத்தொன்பதாம் வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த ஐந்து வருடத்தில் என் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை இங்கே குறிப்பிடுவதற்கான காரணம் பின்னால் தெரியவரும்.

2. நான் தனியாகப் போய் வருவதால் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சென்ற டிசம்பரில் என் கணவர் இந்தப் புதிய காரை வாங்கினார். முன்னால் தடை ஏதேனும் வந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும், சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி விலகினால் தானாகவே ஸ்டீரிங்கைத் திருப்பும் வசதி அதில் உள்ளது. ஷோரூமில் அதை 'அடாஸ்' என்றார்கள். என்னை நான்குவழிச் சாலையில் பதினைந்து நிமிடம் ஓட்டவைத்து, "எல்லாம் அதுவே பாத்துக்கிடும்மா, நீங்க நிம்மதியா உக்காந்து போகலாம்" என்று விற்பனையாளர் சொன்னார். அந்தச் சாலையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஜனவரியில் சாத்தூர் அருகே எனக்கு முன்னால் போன பேருந்து திடீரென நின்றபோது, என் கால் பிரேக்குக்குப் போகும் முன்பே கார் நின்றுகொண்டது. அன்று அது என்னைக் காப்பாற்றியது உண்மை. ஆகவே இந்த வசதியே கூடாது என்பது என் மனுவின் நோக்கம் அல்ல.

3. ஆனால் நம் கிராமத்துச் சாலைகளில் அது வேறு மாதிரி நடந்துகொண்டது. ஜனவரி கடைசியில், எதிரே வந்த இருசக்கர வாகனத்துக்கு வழிவிட நான் இடப்பக்கம் ஒதுங்கியபோது, அழிந்துபோன பழைய வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஸ்டீரிங் என் கையை மீறி வலப்பக்கம் இழுத்தது. ஷோரூமுக்குப் போன் செய்து சொன்னேன். "ஓட்ட ஓட்டப் பழகிடும்மா" என்றார்கள். அந்த வசதியை நிறுத்தும் இடம் திரையில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. திரை முழுவதும் ஆங்கிலம். ஒருமுறை என் கணவர் தேடிக் கண்டுபிடித்து நிறுத்தினார். மறுநாள் இஞ்சினை இயக்கியதும் அது மறுபடி தானாகவே வந்துவிட்டது. அதற்குமேல் நான் முயலவில்லை. அது என் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. 05.02.2025 புதன்கிழமை காலை ஏழே முக்கால் மணி அளவில் ஏழாயிரம்பண்ணையில் உள்ள ஒரு கம்பெனிக்கு மாதிரிகளுடன் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் சாலையோரமாக மக்காச்சோளம் காயப்போட்டு, பனிக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கார் போவதற்குத் தாராளமாக இடம் இருந்தது. எனக்குப் பின்னால் பட்டாசுக் கம்பெனித் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்தது. அது வெம்பக்கோட்டையிலிருந்தே என் பின்னால் வந்த வேன்தான். என்னை முந்த முயலவும் இல்லை, ஒலி எழுப்பவும் இல்லை. என் கண்ணாடியில் அதன் முகப்பு முழுவதும், அதற்கு முன்னால் வெறும் ரோடும் தெரியும் அளவுக்கு இடைவெளி விட்டே வந்தது.

எதிரே ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை, பாரமாக வைத்திருந்த கல்லிலிருந்து விடுபட்டு மேலே எழும்பியது. அது என் வழியில் வரவில்லை. ஓரத்திலேயேதான் எழும்பியது. காருக்குள் ஒரு சத்தம் கேட்டது, திரையில் சிவப்பாக ஏதோ தோன்றியது, கார் அடித்து நிறுத்தியதுபோல் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என் வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்தது. நான் பிரேக்கைத் தொடவில்லை. என்ன நடந்தது என்று நான் உணர்வதற்குள் பின்னால் வேன் மோதியது.

5. வேன் ஓட்டுநர் திரு. முனியராஜ் முதலில் வேனுக்குள் பார்த்துப் பேசிவிட்டு, உடனே என் கார்க் கதவருகே ஓடிவந்தார். அவர் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்த பிறகுதான், "எதுக்கும்மா இப்படிப் பிரேக்கு போட்டீக?" என்றார். "நான் போடல" என்றேன். நான் அன்று சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை அவர் ஒருவர் மட்டுமே கேட்டார்.

வேனில் இருந்த பதினொரு பெண்களில் பத்துப் பேருக்குச் சிராய்ப்புடன் போயிற்று. திருமதி பாண்டிலட்சுமி என்பவருக்கு வலது முன்கை எலும்பு முறிந்தது.

6. சிறிது நேரத்தில் கூட்டம் கூடியது. இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர், "பொம்பள ஓட்டுனா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் என்னைக் கோழையாக்கியது. அதற்குப் பிறகு கார் தானாக நின்றது என்று சொன்னால், தான் செய்ததை மறைக்கக் கதை சொல்கிறாள் என்பார்கள் என்று பயந்தேன். என் கொழுந்தனார் ஹரிபிரசாத் தகவல் தெரிந்து வந்தார். "பின்னால வந்து இடிச்சவன் மேலதான் மதினி கேஸ் வரும். நீங்க எதுவும் பேச வேண்டாம்" என்று சொல்லி, புகாரை அவரே எழுதினார். என்மேல் உள்ள அக்கறையில் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் புகாரில் 'எனக்குப் பின்னால் அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் வந்த வேன்' என்று ஒரு வரி இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்ல முடியாது. படித்தேன். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

7. 18.02.2025 அன்று திருமதி பாண்டிலட்சுமியைப் பார்த்து நலம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். மாவுக்கட்டைப் பார்க்கச் சாத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நானும் அங்கே போனேன். வெளியே சிமெண்ட் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு திரு. முனியராஜ் உட்கார்ந்திருந்தார். கம்பெனியில் அவரை நிறுத்திவிட்டு வேனுக்கு வேறு ஓட்டுநர் போட்டுவிட்டார்கள். வண்டி இல்லாவிட்டாலும் பஸ்ஸில் அந்த அம்மாவை அவர்தான் கூட்டி வருகிறார், கூட்டிப் போகிறார்.

திருமதி பாண்டிலட்சுமி என்னிடம் கோபப்படவில்லை. "இவுக வேகமாப் போற ஆளே கிடையாதும்மா. நேரமாச்சு, வெரசாப் போங்கண்ணேன்னு நாங்க சொன்னாக்கூட ஏசுவாக. பத்து வருசமா இவுக வண்டியிலதான் போறோம்" என்றார். அந்தக் கையால் இனி பட்டாசுத் திரி முறுக்க முடியுமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லையாம். அதைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னார்.

நான் அன்று சொன்னதை ஸ்டேஷனில் நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று திரு. முனியராஜிடம் கேட்டேன். "சொன்னேம்மா. காரு எப்படிப்பா தானாப் பிரேக்கு போடும்னு கேட்டாக. எனக்குப் பதில் தெரியல" என்றார். முந்தின நாள் நேரில் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். லைசென்ஸ் போய்விட்டால் தனக்குத் தெரிந்த வேறு வேலை இல்லை என்றார். பிறகு, "நான் போடலன்னு அன்னைக்குச் சொன்னீகளே, அதை மட்டும் எழுதிக் குடுங்கம்மா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

8. 20.02.2025 அன்று, கார் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஷோரூம் பணிமனைக்குப் போனேன். அங்கிருந்த தொழில்நுட்பப் பணியாளர் காரில் ஒரு கணினியை இணைத்துப் பார்த்தார். மோதலுக்கு முன் பிரேக் பிடித்தது காரின் கருவிதான், ஓட்டுநரின் கால் பிரேக்கில் இல்லை என்று அதில் பதிவாகியிருப்பதாக என்னிடம் வாய்மொழியாகச் சொன்னார். அதை எழுத்தில் தாருங்கள் என்று மேலாளரிடம் கேட்டேன். தலைமை அலுவலக அனுமதி இல்லாமல் தர இயலாது என்றார். முன்னால் உள்ள தடையைப் பார்க்கும் கேமராவை மாற்றி, மென்பொருளையும் புதுப்பித்துக் காரை விரைவில் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னார். அப்படிச் செய்தால் அந்தப் பதிவு அழிந்துபோகலாம் என்று பயந்து, காரைத் தொடக் கூடாது என எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவர்கள் கையொப்பமிட்ட நகலையும் வாங்கி வந்திருக்கிறேன். நகல் இணைப்பில் உள்ளது.

9. மக்காச்சோளம் காயப்போட்டிருந்த விவசாயி திரு. சோலைமலையையும் சந்தித்தேன். தன்மேல் வழக்கு வருமோ என்று முதலில் தயங்கினார். "தார்ப்பாய் ஆள் ஒசரத்துக்கு எந்திரிச்சுச்சு, காரு அதைத் தொடாமலே நின்னுருச்சு. வேன் ஒண்ணும் பறந்து வரல" என்று தாம் பார்த்ததைச் சொன்னார். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்மீது நடவடிக்கை ஏதும் வர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். களம் இல்லாத ஊரில் அவர் வேறெங்கே காயவைப்பார்?

10. வாக்குமூலத்தை மாற்றினால் காப்பீடு கிடைக்காமல் போகலாம், என்மீதே வழக்கு வரலாம் என்று வீட்டில் சொன்னார்கள். என் கணவரும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். மறுநாள் காலையில் இந்த மனுவுக்கான தாள்களை அச்சகத்திலிருந்து அவரே எடுத்துவந்து மேஜையில் வைத்தார். வருவது வரட்டும் என்ற முடிவோடு இருவரும் இன்று தங்கள் முன் நிற்கிறோம்.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) எனது காரை மோட்டார் வாகன ஆய்வாளர் மூலம் உடனே ஆய்வு செய்து, அதில் உள்ள பதிவுகளைக் கைப்பற்ற உத்தரவிட வேண்டும். இதுவே மிகவும் அவசரம்.

ஆ) நோட்டீஸுக்கு விளக்கம் தர 03.03.2025 கடைசி நாள். ஆய்வு முடியும் வரை திரு. முனியராஜின் ஓட்டுநர் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்காமல் நிறுத்திவைக்க வேண்டும்.

இ) இத்தகைய கார்களை விற்போர், அந்த வசதி எங்கே உதவும், எங்கே தடுமாறும், எப்படி நிறுத்துவது என்பதைத் தமிழில் எழுதிக் கொடுத்து, நம் மாவட்டத்துக் கிராமச் சாலைகளிலேயே ஓட்டிக் காட்டவும் சாலைப் பாதுகாப்புக் குழு மூலம் அறிவுறுத்த வேண்டும். இந்தச் சாலைகளில் காலையும் மாலையும் பட்டாசுத் தொழிலாளர்களை ஏற்றிய வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. முன்னால் போகும் கார் எதைப் பார்த்து நிற்கும் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது.

ஈ) என் வாக்குமூலத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். புகார்தாரர் என்ற இடத்திலிருந்து என் பெயரை நீக்க வழியில்லை என்று சொல்கிறார்கள். அப்படியானால் அது அங்கேயே இருக்கட்டும். திரு. முனியராஜ் தரப்பில் சாட்சி சொல்ல வருகிறவர்களின் பட்டியலிலும் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ள ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இணைப்பு: 1. முதல் தகவல் அறிக்கை நகல் 2. பணிமனைக்கு அளித்த கடிதத்தின் நகல் 3. திரு. சோலைமலையின் எழுத்துமூல ஒப்புதல்

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களின் பார்வைக்கு

இடம்: சூலக்கரை
நாள்: 24.02.2025

உண்மையுடன்,
(ஒப்பம்)
லெ. சுகிர்தா