சுற்றிவர ஒரு வெட்டு

நுரைச்சோலை
2025 நவம்பர் 8, சனிக்கிழமை, காலை பத்தரை. டயர் நான்கு. நான்கும் வந்து சேர்ந்தன.

ஃபஸ்லான் நானாவுக்கு ஸலாம்.

உம்மாவின் பிரஷர் பரவாயில்லை. வாப்பா உப்பளத்துக்குப் போய் வருகிறார். மழையில் மிளகாய்க் கன்றுகளில் பாதி அழுகிவிட்டன. ஹாசிம் மச்சான் செவ்வாய்க்கிழமை கத்தாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவீர்கள். கடிதத்தை அப்படித் தள்ளிவிட முடியாது.

டயர் விசயத்துக்கு வருகிறேன். இந்த நான்கையும் போடு, காரை இன்னும் ஓர் அங்குலம் இறக்கு, நோன்புப் பெருநாளுக்கு நான் வரும்போது ஓடத் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். அந்தக் காருக்குக் கம்பெனி கொடுத்த டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். போன முறை நீங்கள் போட்டது 225. இப்போது அனுப்பியிருப்பது 245. காரை இறக்கினால் டயருக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறையும். டயரை அகலமாக்கினால் மிச்ச இடமும் போய்விடும். பிறகு திரும்பும்போதும் பள்ளத்தில் விழும்போதும் மட்காட்டின் ஓரத் தகடு டயரைச் சீவும். இதை விளங்க என் மோட்டார் மெக்கானிக் டிப்ளோமா தேவையில்லை.

நேற்று காரை மூடியிருந்த படங்கை இழுத்துவிட்டுக் காரை ஜாக்கியில் தூக்கினேன். போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் மதகில் அடிபட்ட பிறகு அதில் யாரும் கை வைக்கவில்லை. கைவைக்கக் கூடாது என்று சொன்னதும் நீங்கள்தான். வெடித்த இடது முன் டயரைக் கழற்றிப் பார்த்தேன். மதகில் இடித்துக் கிழிந்திருந்தால் கிழிசல் ஓர் இடத்தில் இருக்கும். இதில் வெட்டு சுற்றிவர இருக்கிறது, கயிறு கட்டி இழுத்த மாதிரி. மதகில் படவே படாத வலது பக்க டயரிலும் அதே வெட்டு, ஆழம் மட்டும் குறைவு. மட்காட்டின் ஓரம் பெயின்ட் போய் வெள்ளிபோல மினுங்குகிறது. ஒரு நாளில் இப்படித் தேயாது. டயர் வெடித்த பிறகுதான் கார் மதகில் போய் இடித்திருக்கிறது.

அந்தப் பெருநாளுக்கு ஒரு கிழமை முந்தி நான் கொழும்பில் வகுப்பில் இருந்தபோது போன் எடுத்து, "திரும்பேக்க கரகரண்டு சத்தம் வருதுடா" என்றீர்கள். பழைய டயரைப் போடுங்க, இல்லாட்டி காரை உயர்த்துங்க, ரெண்டும் ஏலாட்டி வெளிய எடுக்காதீங்க என்றேன். மறுநாள், "ஓம் ஓம், மாத்திட்டன், நீ படிப்பைப் பாரு" என்றீர்கள். நான் நம்பினேன். மாற்றவில்லை. அதிலேயே உங்கள் கூட்டாளி றொபின்சனையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டி றோட்டில் ஓடியிருக்கிறீர்கள்.

பிறகு ஒரு கழுதை வந்தது. கழுதை குறுக்கே வந்தது, றொபின்சன் கத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான் என்று பொலிஸில் சொன்னீர்கள், பள்ளிவாசலில் சொன்னீர்கள், அவன் வீட்டிலும் சொன்னீர்கள். றோட்டெல்லாம் கழுதை திரிகிற இந்தப் பக்கத்தில் கழுதை என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? அந்தக் கிழமை பெடியன்கள் கண்ட கழுதைக்கெல்லாம் கல்லெறிந்து திரிந்தார்கள். கழுதை உண்மையிலேயே வந்ததா என்பது எனக்குத் தெரியாது. வந்திருந்தாலும் உங்கள் டயரை அது கடிக்கவில்லை.

றொபின்சனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இப்போது மீன்பிடிக்கக் கடலுக்குப் போவதில்லை. கரையில் மீன் வாடியில் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து மீன் நிறுக்கிறான். போன மாதம் அவனிடம் கேட்டேன். "நான் கழுதையைக் காணேல்ல அஸ்மி. ஆனா உங்கட நானா சொன்னா சரியாத்தான் இருக்கும். என்னத்தையோ கண்டு கத்தியிருப்பன், அந்த நேரம் ஒண்டும் ஞாபகமில்ல" என்றான்.

அவனுடைய அம்மா அனஸ்தாசியா அக்கா இப்போதும் நல்ல மீன் பட்டால் எங்கள் வீட்டுக்குத் தருகிறா. போன ஞாயிறும் ஒரு பை கிளங்கன் மீனோடு வந்து, "என்ட பிள்ளை ஸ்டியரிங்குல கையை வச்சிருக்காட்டி உங்கட மகன்ட காரும் போயிருக்காது, அவரும் இப்பிடி வெளிநாட்டுல கஷ்டப்படத் தேவையில்ல" என்று உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டா. உம்மா அவவின் கையைப் பிடித்து, அல்லாஹ்வின் நாட்டம், மனசுல வச்சிக்க வேணாம் என்று ஆறுதல் சொன்னா. இரவு அந்த மீனைப் பொரித்துச் சாப்பிட்டோம். நேற்றுக் காரைத் தூக்கிய பிறகு உம்மா மிச்ச மீனைக் கறியாக்கி வைத்தா. நான் அதைத் தொடவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. நீங்கள் அனுப்பிய டயரைப் போட மாட்டேன். அவை கொட்டிலில் கிடக்கும்.

2. காரைக் கம்பெனி உயரத்துக்குத் திரும்ப உயர்த்துவேன். நீங்கள் ஏசலாம்.

3. வருகிற வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்ததும், வெடித்த டயரை றொபின்சனின் மடியில் வைத்து, அந்த வெட்டில் அவன் விரலை வைத்துச் சுற்றிவரச் சொல்வேன்.

4. அங்கிருந்து வந்து உம்மாவிடம் சொல்வேன். மீன் பையோடு யார் யாரிடம் போயிருக்க வேண்டும் என்று அவவுக்கும் விளங்கட்டும்.

5. இந்தக் கடிதம் புதன்கிழமை உங்கள் கைக்கு வந்துவிடும். வெள்ளிக்கு முந்தி நீங்களே அவனிடம் சொல்லிவிட்டால் மூன்றும் நான்கும் இல்லை. பெருநாளுக்கு எயார்போட்டுக்கு நானே வந்து கூட்டிக்கொண்டு வருவேன். அல்லாஹ் உங்களுக்கு அந்த வாயைத் தரட்டும். அவனுடைய நம்பர் மாறவில்லை, நானா. உங்கள் கோல் வந்தால் அவன் சந்தோசப்பட்டுத்தான் எடுப்பான்.

உங்கள் தம்பி,
அஸ்மி