தோல் காய்ச்சிய தீ

மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

ஆற்றுப் பாலம் உட்கார்ந்துபோன வருஷம் அது. ரொட்டிக்கு வரிசையில் நின்றதும் அந்த வருஷம்தான். நீ அம்மா வயிற்றில். வாத்தியத் தெருச் சபைக்குள்ளே பெரிய வித்வான்கள் வாசிப்பார்கள். மேளக்காரர்கள் நாங்கள் வாசலோடு சரி. அங்கே தீ மூட்டித் தோல் காய்ச்சிக்கொண்டிருந்தோம். சூடேறாவிட்டால் மேளம் பேசாது. "உள்ள புகை வருது" என்று சபைக் காவல்காரன் ஒரு வாளித் தண்ணீரைத் தீயில் கொட்டினான். உன் அம்மா நேராக உள்ளே போனாள், வார்னிஷ் பூசிய புதுப் பெஞ்சு ஒன்றை இழுத்து வந்தாள், மிதித்து உடைத்தாள், திரும்ப மூட்டினாள். "இப்ப ஊத்துடா, பாக்கலாம்" என்றாள். அன்று நாங்கள் வாசித்த வாசிப்பில் உள்ளே இருந்த கூட்டமெல்லாம் வெளியே.

உன் கம்பெனிக்காக நீ கலந்த 'வாத்தியத் தெரு' அத்தரை முகர்ந்தேன். ரோஜா, சந்தனம். சபைத் தலைவரின் கைக்குட்டை மாதிரி இருக்கிறது. அத்தர்ப் பெட்டியில் எங்கள் மேளக் குழுவின் படம் போடக் கைநாட்டு கேட்கிறாய். தீ இல்லாத புட்டிக்கு என் கட்டைவிரல் கிடையாது.

இதை எழுதித் தரும் தையல்காரர், "கொஞ்சம் பதமா சொல்லுங்க, பொண்ணு பொழப்பாச்சே" என்கிறார். துணியை மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பா,

நான் அனுப்பிய இருமல் மருந்தை நீங்கள் குடிக்கிறீர்களா, தையல்காரர் குடிக்கிறாரா?

ஈரச் சாம்பல், தோல், எரிந்த வார்னிஷ் எல்லாம் கலந்து மேலாளரிடம் நீட்டினேன். "காசு குடுத்து யாரும்மா தீ விபத்த வாங்குவாங்க?" என்கிறார். ரோஜாதானாம். இந்த ஒரு தடவை விட்டுக்கொடுங்கள். கைநாட்டு வராவிட்டால் என் வேலை போய்விடும்.

உங்கள் மகள்

மார்ச் 22

மகளே,

வேலை போனால் வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. விரலையே வெட்டி அனுப்பச் சொல், அனுப்புகிறேன்; ரேகை மட்டும் வைக்க மாட்டேன். அப்புறம் உன் இஷ்டம். வயிற்றுக்குள் இருந்தபடி நீயும் அந்தப் புகையைக் குடித்தவள்தான்.

அப்பா

ஏப்ரல் 10

அப்பா,

படமும் கிடையாது, தெருப் பேரும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ரோஜாவை வேறு பேரில் விற்றுக்கொள்ளட்டும். வேலை போயிற்று.

இந்தப் புட்டி என் வாடகை அறையில் கலந்தது. வீட்டுக்காரி இரண்டு தடவை ஓடிவந்து அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனாள். சரியாக வந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

மகள்

ஏப்ரல் 19

என் மகளே,

திறந்ததும் இருமினேன். ஆனாலும் பெற்ற மகள் செய்தது. என் மூக்கை எப்படி நம்புவது? தையல்காரரைக் கூட்டிக்கொண்டு முதியோர் விடுதிக்குப் போனேன். அங்கே ஒரு கிழவன், பார்வை போய், பிள்ளைகளின் பேர்கூட மறந்து படுத்திருக்கிறான். ஒன்றும் சொல்லாமல் புட்டியை அவன் மூக்கருகே பிடித்தேன்.

எழுந்து உட்கார்ந்தான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினான். "எவ அவ, மறுபடி மூட்டினது? என் வாளி எங்க?" என்று கத்தினான்.

"அவ மக மூட்டினா. இப்ப ஊத்துடா, பாக்கலாம்" என்றேன்.

தெருப் பேரை இந்தப் புட்டிக்கே வை. படத்தையும் போடு. கைநாட்டு இந்தத் தாளின் மூலையில் இருக்கிறது, மை சரியாகப் பதியவில்லை என்று இரண்டு தடவை வைத்திருக்கிறேன். அன்று அந்த வாசலில் நின்றவர்களில் பெரிய மேளம் போய்விட்டார், தாளக்காரர் போய்விட்டார், உன் அம்மாவும் போய்விட்டாள். என்னை விட்டால் இன்னும் உயிரோடு இருப்பது அந்த வாளிக்காரன் ஒருத்தன்தான்.